மட்டத்தில் பிடித்த கயிறு

செயல்முறைக் கையேடு, ஏழாம் பிரிவு, மூன்றாம் பத்தி: ‘வரையறையில் ஐயம் எழுந்தால் வேலையை நிறுத்துக. வரையறுத்தவரை எழுத்தில் கேட்க. பத்து வேலை நாளுக்குள் பதில் பெறப்படும். பதில் வரும்வரை எவரும் ஊகிக்கலாகாது.’

நான்கே வாக்கியங்கள். நான்கையும் எழுதியவன் நான்தான். முதல் வாக்கியம் எந்த மேலாளருக்கும் பிடித்ததில்லை. இரண்டாவதை எஞ்சினியர்கள் தங்களுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவதை, பதில் தரவேண்டியவர்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நான்காவதை மீறியவன், அதை எழுதிய நானேதான். இறக்கைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். என் வெற்றிகளை எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இதுவோ கொஞ்சம் நீளும்.

அப்போது நம் தொழிற்சாலை ஒரு சிறிய பயிற்சி விமானத்துக்கு இறக்கை செய்துகொண்டிருந்தது. இரண்டு பேர் உட்காரும் விமானம். வடிவமைத்த நிறுவனம் மலேசியாவில் இல்லை, வேறு கண்டத்தில் இருந்தது. அதுவரை எங்களுக்குக் காகிதத்தில் வரைபடம் வரும். படத்தில் அம்புக்குறி இருக்கும். எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்று அந்த அம்பு சொல்லிவிடும். இந்த விமானத்துக்குத்தான் முதல்முறையாகப் படமே இல்லாமல் தரவுக் கோப்பு மட்டும் வந்தது. இறக்கையின் வேரிலிருந்து நுனிவரை ஓடும் நீண்ட தண்டு ஸ்பார். அதன் குறுக்கே விலா எலும்புகளைப் போல நிற்கும் தகடுகள் ரிப். ஒவ்வொரு ரிப்புக்கும் கோப்பில் ஒரு வரி: ரிப்பின் எண், வேரிலிருந்து தூரம், சார்ந்திருக்கும் கோடு. பதினான்காம் ரிப்: நாலாயிரத்து அறுநூறு மில்லிமீட்டர், முன் ஸ்பார். அவ்வளவுதான். அம்பு கிடையாது.

இத்தகைய கோப்பைப் படித்து, பட்டறையில் உள்ளவர்களுக்குப் புரியும்படி ‘விளக்கத் தாள்’ எழுதுவது என் வேலை. முன் ஸ்பார் என்று போட்டிருக்கிறது, ஆகவே முன் ஸ்பாரின் மேலேயே நாடாவைப் பிடித்து நாலாயிரத்து அறுநூறு அளந்தால் பதினான்காம் ரிப் நிற்கும் இடம் வரும். இதைத் தீர்மானிக்க எனக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. தாளை எழுதினேன். தாளின்படி ஜிக் செய்தார்கள். ஜிக் என்பது ஸ்பாரைப் பிடித்துக்கொண்டு துளை எங்கே விழவேண்டும் என்று காட்டும் இரும்புச் சட்டம். அதில் பன்னிரண்டு விமானத்துக்கான ஸ்பார்களைத் துளைக்க வேண்டும். ஸ்பாரில் விழுந்த துளையை யாராலும் திரும்ப மூட முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

துளைப்பதற்கு முன்னால் ஜிக்கைச் சரிபார்த்து ஒப்பமிட வேண்டியவர் ஒரு பெண் பரிசோதகர். முப்பது வயதிருக்கும். கோலா கிளாவாங் பக்கத்து மேட்டு எண்ணெய்ப்பனை எஸ்டேட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் மலைப்பாதை இறங்கி வருவார். அதனால் பட்டறையில் அவருக்குக் ‘கிளாவாங்’ என்றே பெயர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த முறை பார்க்கும்போது என்னைத் திட்டுவார். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: கிராணி. எஸ்டேட் ஆபீசில் பேரேடு எழுதும் கிராணியைப் போல நான் எல்லாவற்றுக்கும் பத்தி எண் சொல்வேனாம். என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

தீபாவளி முடிந்த வாரம். அவர் என் விளக்கத் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

“சார், இந்த நாலாயிரத்து அறுநூறு, மேட்டோட சாஞ்சு அளக்கிறதா, மட்டத்துல அளக்கிறதா?”

“எந்த மேடு?”

“றெக்கைதான் சார். வேர்லருந்து நுனிக்கு அஞ்சு டிகிரி ஏறுதில்ல?”

“ஃபைல்ல முன் ஸ்பார்னு போட்டிருக்கு. அப்ப ஸ்பார் மேலதான்.”

“ரிப் எந்தக் கோட்டுல உக்காரணும்னு போட்டிருக்கு சார். டேப்ப எப்படிப் புடிக்கணும்னு போடல.”

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். எரிச்சல் வந்தால் நான் அப்படிச் செய்வேன் என்று பட்டறை முழுவதற்கும் தெரியும். அவர் அசையவில்லை.

“ஸ்கூல் லீவுல ரீப்ளாண்டிங்ல கயிறு புடிச்சிருக்கேன் சார்,” என்றார். “மேட்டுல செம்பனை நட குச்சி அடிக்கிறப்ப கயிறத் தரையோட போட்டு அளந்தா வேலை வாங்குற மண்டோர் கத்துவாரு. மேல இருக்கிறவன் கயிற கால்கிட்ட வெச்சுக்கணும், கீழ இருக்கிறவன் தலைக்கு மேல தூக்கிப் புடிக்கணும். கயிறு மட்டமா நிக்கணும். இல்லாட்டி மரம் பெருசானப்புறம் மட்டையெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறிக்கும் லா.”

“இது செம்பனை இல்ல.”

“தெரியும் சார். நீங்க எந்த எஸ்டேட்டு?”

“சி ரூசா பக்கம்.”

“அதான பாத்தேன்! கடலோரம். உங்க ஊர்ல கயிற எங்க போட்டாலும் மட்டம்தான்.”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. நான் வளர்ந்த எஸ்டேட்டில் ஒரு பந்தைத் தரையில் வைத்தால் மறுநாளும் அங்கேயே இருக்கும். தரைமேல் அளந்த தூரமும் மட்டத்தில் அளந்த தூரமும் எனக்குச் சிறு வயது முதல் ஒன்றேதான். பிறகு பல்கலைக்கழகம் போய்த் திரிகோணமிதி எல்லாம் படித்தேன். அது தலையில் ஏறியது. கைக்கு இறங்கவில்லை. தாள் எழுதும்போது கை கடலோரத்துப் பழக்கப்படி எழுதிவிட்டது.

“சரி, உனக்கு எது சரின்னு தெரியுமா?” என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

“தெரியாது சார்,” என்றார். “உங்களுக்கும் தெரியாது. அதான் நான் சைன் போடல.”

ஒப்பமிடாத தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

முப்பது வருட வேலையில் பலபேர் என்னிடம் நான் தவறு என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களைச் சமாளிப்பது எளிது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவறாகவே சொல்வார்கள். எனக்குத் தெரியாது என்பதை எனக்கே கண்டுபிடித்துச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அப்போது எனக்கு வந்தது பாராட்டு அல்ல. கோபம்.

வேறுபாடு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். வேருக்கு அருகில் ஒரு மில்லிமீட்டர். வெளியே போகப் போக வளர்ந்து, பதினான்காம் ரிப்பில் பதினேழரை. அந்த நுனிப் பக்கத்தில்தான் அய்லரான் மாட்டப்படும். விமானம் சாய்ந்து திரும்புவதற்காக மேலும் கீழும் ஆடும் மடிப்புத் தகடு அது. மூன்று ரிப்புகளில் மூன்று கீல். ரிப் இடம் தவறினால் கீலும் தவறும். தரையில் அது மாட்டாது என்றால் நல்லது, நஷ்டத்தோடு போய்விடும். யாராவது கெட்டிக்காரன் கொஞ்சம் ராவி, கொஞ்சம் வளைத்து மாட்டிவிட்டால்தான் ஆபத்து. பயிற்சிக்கு வந்த பிள்ளை மேலே போய்த் திரும்பும்போது அது இறுகும்.

இவ்வளவையும் யோசித்த பிறகும் நான் செய்தது என்ன தெரியுமா? அவர் தவறென்று காட்ட, ஐயத்தை எழுத்தில் கேட்கும் கேள்வித் தாளை எடுத்தேன். வரையறுத்த நிறுவனத்துக்கு எழுதினேன்: தூரம் ஸ்பாரின் மேல் அளந்ததா, மட்டத்தில் அளந்ததா? தாளில் ‘கேள்வி எழுப்பியவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அதில் விளக்கத் தாள் எழுதிய எஞ்சினியர் தன் பெயரைப் போடுவார். நான் அவர் பெயரைப் போட்டேன். ஐயம் கொண்டவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று கையேடு சொல்கிறது, அதனால் குற்றம் இல்லை. ஆனால் காரணம் கையேடு அல்ல. இது முட்டாள்தனமான கேள்வி என்று பதில் வந்தால் அந்த முட்டாள்தனம் யார் பெயரில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கட்டத்தை நினைவில் வைத்திருங்கள்.

தயாரிப்பு மேலாளர் சிரம்பான் கடைத்தெருவில் வளர்ந்தவர். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய தொலைபேசி தினமும் வாடிக்கையாளர் குரலில் அலறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பட்டறை நடுவில் நின்று பரிசோதகரைக் கேட்டார்.

“என்னாம்மா கிளாவாங், கிராணி அண்ணன் படிச்சதுல உனக்கு என்னா டவுட்டு? நீ எஞ்சினியரா?”

“இல்ல பாஸ்.”

“அப்புறம்?”

“எஞ்சினியர் சைன் போடுற எடத்துல நான் போடலியே பாஸ். இன்ஸ்பெக்டர் சைன் போடுற எடத்துலதான் போட மாட்டேங்கிறேன்.”

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். மறுநாள் பரிசோதகரை ஸ்டோருக்கு மாற்றினார்கள், வந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்க்க. ஒப்பந்த ஊழியர் அவர். ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்று மேலாளர் எச்ஆருக்கு எழுதிவிட்டதாகப் பேச்சு வந்தது. அவர் வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். புருஷன் செம்பனை லோரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து ஒரு வருடமாகப் படுக்கையில். இதை அவர் சொல்லி நான் அறியவில்லை. கேன்டீனில் யாரோ சொன்னார்கள்.

பத்து வேலை நாள் போனது. பதில் வரவில்லை. மேலாளர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, பரிசோதகர் இல்லாதப்ப சீனியர் எஞ்சினியர் போடலாம்னு ஒரு பத்தி இருக்குல்ல?”

“ஒன்பதாம் பிரிவு, ரெண்டாம் பத்தி,” என்றேன். பழக்க தோஷம்.

“அப்ப போடுங்கண்ணே. திங்கக்கிழமை துளைக்க ஆரம்பிச்சாத்தான் சரியா வரும்.”

போட்டேன். வெள்ளிக்கிழமை பிற்பகல், நல்ல தெளிவான கையெழுத்தில் போட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. எனக்கு அதிகாரம் இருந்தது, பத்தி இருந்தது, மேலாளர் பக்கத்தில் இருந்தார். ஒரு தவறான முடிவுக்கு இதைவிட வசதியான சூழல் அமையாது. உங்களுக்கும் இப்படி எல்லாம் கூடிவரும் ஒரு நாள் வரும். அன்றைக்குக் கொஞ்சம் பயப்படுங்கள்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஸ்டோரிலிருந்து எனக்குப் போன் வந்தது.

“சார், கிளாவாங் பேசுறேன். கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? கோவம் இருந்தா அப்புறம் படுங்க.”

போனேன். நீளமான மரப்பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே அய்லரான். அதைச் செய்வது வேறொரு நிறுவனம். எங்களுக்கு வந்த அதே தரவுக் கோப்புதான் அவர்களுக்கும் போயிருந்தது. சனிக்கிழமை லோரியில் வந்து இறங்கியிருக்கிறது. மூன்று கீல்களும் அதில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன.

“மொத கீலு மூவாயிரத்து நூறுல, கடைசிக் கீலு நாலாயிரத்து ஐநூறுல. ஃபைல்ல அப்படித்தான இருக்கு? நடுவுல ஆயிரத்து நானூறு. நீங்களே அளந்து பாருங்க சார். நான் அளந்தா சும்மா சொல்றேன்னு சொல்வீங்க.”

எஃகு நாடாவை அய்லரானின் மேல் வைத்து அளந்தேன். ஆயிரத்து நானூற்று ஐந்து, அதற்கு மேல் ஒரு இழை. நாடாவைத் திருப்பிப் போட்டு மறுமுனையிலிருந்து அளந்தேன். அதேதான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மட்டத்தில் ஆயிரத்து நானூறு என்றால், ஐந்து டிகிரி சாய்வில் தகட்டின் மேல் எவ்வளவு வரும்? ஆயிரத்து நானூற்று ஐந்து புள்ளி மூன்று ஐந்து.

“அப்ப நீ சொன்னதுதான் சரி,” என்றேன்.

அவர் அந்த நேரத்தில் சொன்னதைத்தான் நான் இத்தனை வருடம் கழித்தும் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும், நானாக இருந்திருந்தால் நிச்சயமாக, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று தொடங்கியிருப்பேன். இரண்டு வாரமாகப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்.

“நான் எங்க சார் சொன்னேன்? தெரியாதுன்னுதான சொன்னேன்,” என்றார். “இப்பவும் தெரியாது. இவங்க தப்பாச் செஞ்சிருக்கலாம் இல்ல? ஒரே ஃபைல ரெண்டு கம்பெனி ரெண்டு மாதிரி படிச்சிருக்கு. அது ஒன்னுதான் தெரியும். அது தெரிஞ்சதுக்கப்புறம் துளை போடலாமா?”

மணி ஏழு ஐம்பது. எட்டு மணிக்குத் துளைக்கத் தொடங்குவார்கள்.

அப்போது எனக்கு வயது ஐம்பத்தாறு. முழங்காலில் தேய்மானம் இருந்தது. அன்று ஸ்டோரிலிருந்து பட்டறைவரை ஓடினேன். கிராணி ஓடுவதை அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே எல்லோரும் கையிலிருந்ததை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் ஸ்பார் ஜிக்கில் பூட்டியாகிவிட்டது. துளைக்கும் எந்திரம் அதன்மேல் நின்றது. நான் எதுவும் பேசாமல், வேலையை நிறுத்தும் சிவப்பு அட்டையை எடுத்து ஜிக்கில் கட்டினேன். மூச்சு வாங்கியதால் பேச முடியவில்லை என்பதே உண்மை.

மேலாளர் வந்தார். “என்னாண்ணே இது? நீங்க போட்ட சைனு!”

“அதத்தான் எடுக்கப் போறேன்.”

“சைன எப்படி எடுப்பீங்க? அதுக்கு என்னா பத்தி இருக்கு?”

“பதினொன்னாம் பிரிவு, ஆறாம் பத்தி.”

ஒப்பத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதையும் நான்தான் கையேட்டில் சேர்த்தேன். சேர்த்த நாள் முதல் ஒருவரும் பயன்படுத்தவில்லை. படிவக் கட்டின் மேல்தாள் பழுப்பேறியிருந்தது. அதில் ‘காரணம்’ என்று ஐந்து வரி இடம் விட்டிருப்பேன். தட்டச்சு கூடாது, கையால் எழுத வேண்டும் என்று வேறு போட்டிருப்பேன், அடுத்தவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று. ஐந்து வரி எனக்குத் தேவைப்படவில்லை. ‘நான் ஊகித்தேன்’ என்று எழுதினேன். மேலாளர் தோளுக்கு மேலாகப் படித்தார்.

“முப்பது வருசத்துல இப்பத்தான் மொத தடவையாண்ணே?” என்று கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார்.

“எழுதினது மொத தடவை,” என்றேன்.

அதற்கு அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. பதில் வரும்வரை ஜிக் சிவப்பு அட்டையோடு நின்றது. பன்னிரண்டு விமானத்தின் ஸ்பார்கள் அடுக்கில் கிடந்தன. வாடிக்கையாளர் மேலாளரிடம் கத்தினார், மேலாளர் என்னிடம் கத்தினார். பரிசோதகரை மட்டும் ஸ்டோரிலிருந்து யாரும் திரும்ப அழைக்கவில்லை. அய்லரான்காரர்கள் தவறு செய்திருக்கலாம் என்று மேலாளரும் சொன்னார். அதைப் பரிசோதகரின் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டார் என்பது வேறு. மட்டத்தில் என்று பதில் வந்தால் யோசிக்கலாம், வராவிட்டால் டிசம்பரோடு பரிசோதகர் கணக்கு முடிந்தது என்றார்.

டிசம்பர் வந்தது. பதில் வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு நான் எச்ஆர் அறைக்குப் போனேன். அங்கிருந்த மலாய் அம்மையார் எனக்குப் பல வருடப் பழக்கம். அவருக்கும் என்னைப்போலவே பத்தி எண்கள்மேல் பிரியம் உண்டு. அவர் முன்னால் கையேட்டை விரித்தேன். ஏழாம் பிரிவின் கடைசிப் பத்தி: ‘கேள்வி எழுப்பியவர், அதன் பதிலைப் படித்து ஒப்பமிடும்வரை பணியிலிருந்து விடுவிக்கப்படலாகாது.’ ஒருமுறை ஒரு பரிசோதகர் ஆறு கேள்விகளை அந்தரத்தில் விட்டுவிட்டு சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். பதில்கள் வந்தபோது படித்துக் கையெழுத்திட ஆளில்லை. அந்த எரிச்சலில் நான் எழுதிய பத்தி அது. யாருக்கும் நல்லது செய்ய எழுதவில்லை.

அம்மையார் கேள்வித் தாளை எடுத்தார். ‘கேள்வி எழுப்பியவர்’ கட்டத்தில் பரிசோதகரின் பெயர், என் கையெழுத்தில். இரண்டு முறை படித்தார். பிறகு ஒப்பந்தத்தின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டினார்: கேள்வி முடியும்வரை நீட்டிப்பு.

சிறுமைத்தனத்தால் எழுதிய பெயர் ஒருவர் வீட்டு அடுப்பை எரியவைத்தது. இதிலிருந்து நீங்கள் எந்தப் பாடமும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டோருக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஏன் அவர் பெயரைப் போட்டேன் என்பது உட்பட. சொல்லாமல் நல்லவனாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் முன்னால் நின்றுகொண்டு அப்படி இருப்பது சிரமம்.

அவர் பெட்டி ஒன்றின் ஆணியைத் தட்டி உள்ளே இறக்கிக்கொண்டே கேட்டார்.

“அப்ப பதில் வராம இருக்கிற வரைக்கும் எனக்கு வேலை இருக்கு.”

“ஆமா.”

“வந்து, நான் படிச்சு சைன் போட்டேன்னா முடிஞ்சுது.”

“மேலாளர் மனசு மாறலன்னா, ஆமா.”

“அய்யோ சார்! ஜனவரி பூரா பதில் வரக்கூடாதுன்னு சாமி கும்பிடச் சொல்றீங்களா?”

“கும்பிட்டாத் தப்பில்ல.”

“வேணாம் லா,” என்றார். “ஸ்பாரெல்லாம் சும்மா கெடக்குது. ஜிக் ஆளுங்களுக்கு ஓவர்டைம் இல்ல. நீங்க நெனவூட்டல் அனுப்பிட்டு இருக்கீங்களா?”

நான் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருந்ததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது, அது என்னவென்று அவருக்கும் புரிந்திருக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டோர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். அன்று முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை முதல் வேலையாக அவரே நினைவூட்டல் அனுப்பினார். ஒன்றிலும் கெஞ்சலோ குத்தலோ இல்லை. கேள்வி எண், அய்லரானில் அளந்த எண், இரண்டு வரி. தன் வேலையை முடித்துவைக்கப்போகும் பதிலை, வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பல நாடுகளின் எஞ்சினியர்களோடு வேலை செய்திருக்கிறேன். துணிச்சலானவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது தான் சரி என்று நம்புகிறவனுடைய துணிச்சல், அதற்கு அதிகம் செலவாகாது. தனக்குத் தெரியாது என்பதில் உறுதியாக நிற்பதும், தெரிந்துகொண்டால் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருப்பதும் வேறு சாதித் துணிச்சல். ஏழாம் பிரிவு, மூன்றாம் பத்தியை எழுதியவன் நான் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதன்படி நடந்தவரை அந்த ஸ்டோரில்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

பதில் வந்த காலையில் அவர்தான் அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். இரண்டே வரி. தூரங்கள் மட்டத்தில் அளந்தவை, ஸ்பாரின் மேல் அல்ல. கோப்பின் அடுத்த பதிப்பில் விளக்கப் படம் சேர்க்கப்படும். மன்னிப்பு, நன்றி, தாமதத்துக்குக் காரணம், எதுவும் இல்லை. மேலாளர் ஒருமுறை படித்தார். ஜிக்கைப் பார்த்தார். அடுக்கில் துளைபடாமல் கிடந்த ஸ்பார்களைப் பார்த்தார். அவர் மனதில் எந்தக் கணக்கு ஓடியதென்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் அதேதான் ஓடியது.

“எங்க சைன் போடணும் சார்?” என்று பரிசோதகர் கேட்டார்.

நான் குரலைத் தாழ்த்தினேன். “இன்னிக்குப் போடாத. நாளைக்குத் தைப்பூச லீவு. புதன்கிழமை போடலாம். ரெண்டு நாள் கெடைக்கும்.”

“ரெண்டு நாள் ஜிக்கும் சேந்து காவடி எடுக்கணுமா?” என்றார். பேனாவை என் பையிலிருந்து அவரே உருவிக்கொண்டார். ஜிக்கின் சட்டத்தின்மேல் கேள்வித் தாளை வைத்து, நாள் எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். அதோடு அவருக்கு வேலை இல்லை.

மேலாளர் தொண்டையைச் செருமினார்.

“கிளாவாங்,” என்றார். “புதன்கிழமை காலைல ஜிக்குகிட்ட வந்துரு. ஸ்டோருக்குப் போயிடாத.” பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணே, எச்ஆருக்கு நீங்களே போன் பண்ணிருங்க. என்னா பத்தின்னு கேப்பாங்க, எனக்குத் தெரியாது,” என்றார்.

இன்று உங்கள் ஒப்புதல் தாள்களில் பாதியைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறவர் அவர்தான். கடுகடுப்பானவர் என்று நீங்கள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். தாள் திரும்பி வந்தால் கோபப்படுங்கள், நானும் பட்டேன். பிறகு பதிவேட்டு அறைக்குப் போய்ப் பழைய கேள்வித் தாள்களில் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். மேல் கட்டத்தில் என் கையெழுத்தில் அவர் பெயர் இருக்கும். கீழ்க் கட்டத்தில் ‘பதில் பெறப்பட்ட நாள்’ என்பதற்கு எதிரே, ஜிக்கின் இரும்பில் வைத்து எழுதியதால் கொஞ்சம் கோணலாக, அவர் எழுதியிருப்பார்: திங்கட்கிழமை, தைப்பூசத்துக்கு முதல் நாள்.